ஏரோது ராஜாவின் சோத்தாங்கைப் பக்கம்

பாளையங்கோட்டையில் நான் முதன்முதலாகப் பார்த்த உள்ளூர்க்காரி ஹெல்மெட் போட்டுக்கொண்டு பால் பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வண்டி எதுவும் இல்லை. நடந்து வந்தாள், நடந்தே போனாள். முகத்துக் கண்ணாடியைக்கூடத் தூக்கவில்லை. எங்கள் ஈப்போவில் மழைக்குப் பயந்து ஹெல்மெட்டோடு மீ கோரிங் நூடுல்ஸ் வாங்க வருகிறவர்கள் உண்டு. இங்கே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இந்த ஊர்ச் சட்டம் அவ்வளவு கடுமை போலிருக்கிறது, நாமும் ஒன்று வாங்க வேண்டுமோ என்று கொஞ்ச நேரம் கவலைப்பட்டேன்.

நான் மலேசியாவில் ஒரு தமிழ் வார இதழில் மகளிர் பக்கம் பார்க்கிறவள். முருங்கைக்கீரை சூப், கரிசலாங்கண்ணி எண்ணெய், மாமியாரைச் சமாளிப்பது எப்படி, இவைதான் என் ராஜ்ஜியம். அந்த ராஜ்ஜியத்துக்குள் ஒரு நாள் தீவிரவாதி வந்துவிட்டாள். ஹெப்சிபா என்கிற பாளையங்கோட்டைப் பெண் வடக்கே ஏதோ மலைக்காட்டில் ஒரு தீவிரவாதக் கூட்டத்தோடு பல வருஷம் இருந்து இப்போது பிடிபட்டாள் என்று தமிழ்நாட்டு டிவிகள் அலறின. அவளோடு நாலு ஆண்களும் பிடிபட்டார்கள். ஆண்களைப் பற்றிய செய்தி எங்கள் இதழில் அரசியல் பக்கத்துக்குப் போனது. அவளைப் பற்றியது என் பக்கத்துக்கு வந்தது, எண்ணெய்க்கும் சூப்புக்கும் நடுவில்.

ஆசிரியர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். நல்ல பையன்தான். "அக்கா, மூன்று விஷயம் மட்டும் போதும். முடி எவ்வளவு நீளம், என்ன சமைப்பாள், யாரைக் காதலித்தாள். வரும்போது அல்வா" என்றார்.

"அந்த நாலு ஆண்களுக்கு முடி எவ்வளவு நீளம்?" என்று கேட்டேன்.

"அவர்களுக்குக் கொள்கை இருக்கிறதே, அக்கா" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இலவசமாக வெளிநாடு போகிற வாய்ப்பு ஆத்திரத்தைவிடப் பெரியது.

வழியெல்லாம் பத்திரிகைகளை வாங்கிப் படித்தேன். 'மல்லிகைப்பூ சூடிய தலையில் ரத்தவெறி' என்றது ஒன்று. 'காதலனுக்காகக் காடு போன கன்னி' என்றது இன்னொன்று. 'கோலம் போட்ட கையில் துப்பாக்கி' என்று மூன்றாவது. எல்லாவற்றிலும் ஒரே படம். காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண், கையில் துப்பாக்கி, தாடையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறைப்பு. படத்தின் ஓரத்தில் யாருடைய முழங்கையோ தெரிந்தது. 'ஆயுதப் பயிற்சியில் ஹெப்சிபா' என்று கீழே போட்டிருந்தார்கள். டிவியில் அந்தப் படம் வரும்போதெல்லாம் டம் டம் என்று மேளம் அடித்தது. முகத்தை மூன்று தடவை கிட்டே கொண்டுவந்து காட்டினார்கள்.

விடுதியில் மதியம் சொதி போட்டார்கள். எங்கள் ஊரில் சொதி என்றால் இடியாப்பத்துக்கு மேல் ஊற்றுகிற மஞ்சள் தண்ணீர். இங்கே அதற்குக் கல்யாண மறுவீட்டு விருந்து அளவுக்கு மரியாதை. உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், தேங்காய்ப்பால், பக்கத்தில் இஞ்சித் துவையல். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். என் விசாரணை சாயங்காலம்தான் தொடங்கியது.

ஹெப்சிபாவின் தெரு முனையில் ஒரு டீக்கடை. பொன்னுத்துரை அண்ணாச்சி என்பவருடையது. அறுபது தாண்டிய வயசு, நல்ல உடம்பு, குரல் அதைவிட நல்ல உடம்பு. என் கையில் பேனாவைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார்.

"வாங்க, வாங்க. எந்த டிவி?"

"டிவி இல்லை. மலேசியாவில் ஒரு வார இதழ்."

"புஸ்தகமா?" முகம் கொஞ்சம் விழுந்தது. "சரி, இருக்கட்டும். அழுதுட்டே சொல்லணுமா, சாதாரணமாச் சொன்னாப் போதுமா? நேத்து வந்தவன் அழச் சொன்னான். முந்தாநாள் வந்தவன் அதிர்ச்சியா இருக்கச் சொன்னான்."

"சாதாரணமாகவே சொல்லுங்கள்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ரொம்ப அமைதியான புள்ள. யார்கிட்டயும் அதிர்ந்து ஒரு வார்த்த பேசாது. தானுண்டு தன் வேலையுண்டுன்னு இருக்கும். அதுவா இப்படின்னு எங்களால நம்பவே முடியல."

கடைக்குள் வடை சுட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "ஏன் இப்படிப் புளுகுதீய? அந்தப் புள்ள இங்கன வாயத் தொறந்தா ஆத்துக்கு அந்தப் பக்கம் ஜங்ஷன்ல கேக்கும்."

"டிவிக்காரன் அமைதியான பொண்ணுன்னுதான் சொல்லச் சொன்னான். நான் என்னத்தச் செய்ய?"

"தண்ணி லாரிக்காரன்கிட்டச் சண்ட, கவுன்சிலர்கிட்டச் சண்ட, சபை கமிட்டியில பொம்பளயாளையும் போடணும்னு ஐயர்கிட்டச் சண்ட. இவுககிட்டயும் சண்ட, டீ கிளாஸ ஒழுங்காக் கழுவலன்னு. அதெல்லாம் சொல்ல மாட்டாவ." இங்கே ஐயர் என்றால் சர்ச்சில் பிரசங்கம் செய்கிற போதகர். அது புரிய எனக்கு ஒரு டீ நேரம் ஆனது. டீயை எங்கள் ஊரைப் போல மீட்டர்க் கணக்கில் இழுக்காமல் பைய ஆற்றிக் கொடுத்தார் அண்ணாச்சி. கிளாஸை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

பிறகு அவரே தன் மனக்குறையைச் சொன்னார். டிவியில் வந்த அந்தப் படத்தைக் கொடுத்ததே அவர்தானாம். அது ஆயுதப் பயிற்சியும் இல்லை, ஒன்றும் இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் அவர்கள் சபையில் போட்ட கிறிஸ்மஸ் நாடகம். துப்பாக்கி மரத்தில் செய்தது. ரோமாபுரி உடுப்புக்கு வழியில்லாததால் ஏரோது ராஜாவின் சேவகர்களுக்குக் காக்கிச் சட்டையும் மரத்துப்பாக்கியும் கொடுத்துவிடுவது அந்தச் சபையின் வழக்கம். ஏரோது ராஜா, வருஷா வருஷம், பொன்னுத்துரை அண்ணாச்சிதான்.

"முழுப் படத்தையும் போட்டா நானும் தெரிவேன்னுதாம்மா குடுத்தேன். என்னய வெட்டிட்டானுவ." போனை எடுத்து டிவிப் படத்தைக் காட்டினார். ஓரத்தில் தெரிந்த அந்த முழங்கையை விரலால் தொட்டார். "இது நான்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அவர் சிரிக்கவில்லை. "அதுல இன்னொரு தப்பும் நடந்துபோச்சு. நீங்க அவுக வீட்டுக்குப் போங்க. போனாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு டீ கிளாஸைத் திரும்பத் திரும்பக் கழுவ ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் போனேன். கதவைத் திறந்தது ஹெல்மெட்.

"பத்திரிகையா?" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆமாம். மகளிர் பக்கம்."

"அப்போ முடியப் பத்திக் கேப்பீங்க. உள்ள வாங்க." கதவைச் சாத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினாள். அதே முகம். மூன்று தடவை கிட்டே கொண்டுவந்து காட்டிய அதே தாடை. நான் "ஹெப்சிபா!" என்று அலறி நாற்காலியில் இடித்துக்கொண்டேன்.

"கத்தாதீங்க. நான் பியூலா. தங்கச்சி. அவ ஜெயில்ல இருக்கா. டிவியில வாரது நான்."

அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிற ஆசிரியை. அலமாரியைத் திறந்து முழுப் படத்தை எடுத்துக் காட்டினாள். நடுவில் தங்கத்தாள் கிரீடத்தோடு பொன்னுத்துரை ஏரோது. அவருக்கு ஒரு பக்கம் காக்கிச் சட்டையும் மரத்துப்பாக்கியுமாக பியூலா. மறுபக்கம் வெள்ளைத்துணி, தெர்மோகோல் சிறகு, தலைக்கு மேலே கம்பியில் ஆடுகிற ஒளிவட்டத்தோடு ஒரு குண்டுப் பெண், வாயை முழுசாகத் திறந்து எதையோ கத்திக்கொண்டிருந்தாள். அதுதான் ஹெப்சிபா. அவள் அந்த நாடகத்தில் தேவதூதன்.

நடந்தது இதுதான். அண்ணாச்சி படத்தைப் போனில் டிவி நிருபருக்கு அனுப்பியிருக்கிறார். இதில் யார் ஹெப்சிபா என்று நிருபர் கேட்டிருக்கிறார். "எனக்குச் சோத்தாங்கைப் பக்கம் நிக்குது பாரும்" என்று இவர் ராஜா உட்கார்ந்த இடத்திலிருந்து தன் வலப்பக்கத்தைச் சொன்னார். நிருபர் படத்துக்கு எதிரே உட்கார்ந்து தன் வலப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே துப்பாக்கியோடு ஒரு பெண் நின்றாள். தீவிரவாதியைக் கேட்ட இடத்தில் துப்பாக்கியே கிடைத்தால், மறுபக்கம் சிறகோடு நிற்கிறவளை எந்த நிருபர் திரும்பிப் பார்ப்பார்?

"பால்காரர் என்னப் பாத்து சைக்கிளத் திருப்பிட்டுப் போறாரு. பஸ்ல ஒரு அம்மா பக்கத்துல இருந்து எந்திரிச்சுட்டாங்க. அதுகூடப் போகட்டும். ஸ்கூல் மேனேஜர், 'அதே டிவியில தப்புன்னு சொல்லட்டும், அதுவரை லீவுல இருங்க'ன்னுட்டார். பேரண்ட்ஸ் போன் பண்ணுதாங்களாம். பப்ளிக் எக்ஸாம் வருது. எம்புள்ளைங்க மின்னோட்டம் பாடத்துல பாதியில நிக்குதுங்க. யாராவது வேற டீச்சர் போட்டுட்டா எனக்குத் திரும்ப இடமில்ல" என்றாள். அந்தக் கடைசி வாக்கியத்தில் குரல் இறங்கியது. ஹெல்மெட்டை மடியில் வைத்து அதன் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆறுதல் சொல்லத் தெரியாத நேரத்தில் நான் வேலையைப் பார்த்துவிடுவேன். ஆசிரியரின் கேள்விகளைக் கேட்டேன்.

"முடி?"

"தோள் வரைக்கும். பேன் வேற."

"சமையல்?"

"முட்ட அவிப்பா. நாலு போட்டா ஒண்ணு வெடிக்கும்."

"காதல்?"

பியூலா என்னைப் பார்த்தாள். வகுப்பில் பின்பெஞ்சைப் பார்க்கிற பார்வை அது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இங்க பாருங்கக்கா. அவ இருந்த கூட்டம் ஒரு பஸ்ஸக் கொளுத்துச்சு. டிரைவர் செத்துட்டார். அவர் வீட்டுலயும் ஒரு தங்கச்சி இருப்பா. அத நெனச்சு நான் தூங்காத நாள் உண்டு. எங்கக்கா என் முன்னால வந்தா முதல்ல அறைவேன், பிறகுதான் அழுவேன். ஆனா அவ அத தானா யோசிச்சு, தானா முடிவெடுத்துப் போனா. இவங்க என்னடான்னா எவனோ கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போன மாதிரி எழுதுதாங்க. வந்த அத்தன பேரும் யாருக்காகப் போனான்னுதான் கேக்காங்க. எதுக்குப் போனான்னு ஒருத்தர் கேக்கல."

"எதுக்குப் போனாள்?" என்று உடனே கேட்டேன்.

"நான் சொல்லிக் குடுத்த பிறகு கேக்கீங்க. அதுக்கு மார்க் கிடையாது" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனாள். நான் மார்க் வாங்காத பிள்ளையாக உட்கார்ந்து காப்பியைக் குடித்தேன்.

அடுத்த நாள் காதலனைத் தேடிப் புறப்பட்டேன். ஆசிரியர் காலையிலேயே குரல்பதிவு அனுப்பியிருந்தார். "அக்கா, காதலன் புன்னக்காயலில் மீனவனாம். டிவியில் சொல்லிவிட்டார்கள். படம் முக்கியம். பின்னணியில் கடல் இருக்கட்டும்." தாமிரபரணி கடலில் கலக்கிற ஊர் அது. ஆற்றோடு போனால் தானாக வந்துவிடும் என்று நம்பி பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரம், வாழைத்தோட்டம், நல்ல காற்று. நன்றாகத் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது திருச்செந்தூர். சுற்றிலும் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள், குழந்தைகள் உட்பட. ஒரு கணம் நான் செத்து வேறெங்கோ வந்துவிட்டதாகவே நினைத்தேன்.

"இறங்குங்கம்மா, பஸ் இதோட சரி" என்றார் கண்டக்டர்.

"புன்னக்காயல் போகவேண்டும்."

"அத விட்டுட்டு எங்கயோ வந்துட்டீயளே. தூங்கும்போது நீங்க வாயத் தொறந்துகிட்டு இருந்தீய, எழுப்பப் பாவமா இருந்துச்சு." வேறு பஸ், பிறகு ஒரு ஆட்டோ. ஆட்டோவின் முன்சக்கரம் உப்பளத்துச் சேற்றில் இறங்கிக்கொண்டது. நானும் டிரைவரும் தள்ளினோம். ஈப்போவில் என் கார் நின்றால் மெக்கானிக்குக்குப் போன் செய்துவிட்டு ஐஸ் கச்சாங் இனிப்புச் சாப்பிடப் போய்விடுவேன். இங்கே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு தீவிரவாதியின் காதலனை நோக்கி நடந்தேன்.

காதலன் பெயர் மச்சாது. வயது எழுபது இருக்கும். வாயில் மொத்தம் ஐந்தாறு பல். கடற்கரையில் உட்கார்ந்து வலைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சந்தோஷமாகச் சிரித்தார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இதுவும் லவ்வக் கேக்க வந்ததா?" அவர் மனைவி லூர்து. கையில் மீன் அரிவாள். "கேளு, நல்லாக் கேளு. ஒரு டிவிக்காரன் இந்த மனுசனக் கொண்டுபோய் கடல்ல முட்டளவு தண்ணியில நிக்க வச்சு, தூரத்துல பாக்கச் சொல்லிப் படம் புடிச்சான். இவரும் நின்னாரு. இந்த வயசுல. மூணு நாளா இவருக்கு நான் சோறு போடல."

"பார்வ நல்லா வந்திருக்குன்னு சொன்னான்" என்றார் மச்சாது தாழ்ந்த குரலில்.

விஷயம் இவ்வளவுதான். அந்தக் காலத்தில் மச்சாது பாளையங்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் மீன் விற்றார். அவர் ஹாரன் சத்தம் கேட்டால் ஹெப்சி கிண்ணத்தோடு ஓடி வருவாள். இதைப் பொன்னுத்துரை அண்ணாச்சி டிவிக்குச் சொன்னார். மீன், கிண்ணம் இரண்டையும் டிவிக்காரர்கள் விட்டுவிட்டார்கள். ஓடி வந்ததை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

"புள்ள சாளை மீனுக்குத்தான் ஓடி வந்துச்சு" என்றார் லூர்து. என்னை உட்காரவைத்துச் சோறும் சாளைக் குழம்பும் போட்டார். மாங்காய் போட்டிருந்தது. எங்கள் ஊர் மிளகாய்ச் சம்பலை நான் விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை. அன்றைக்கு விட்டுக்கொடுத்தேன்.

சாப்பிடும்போது மச்சாது சொன்னார். "ஒருநா ஒரு போலீசு, இங்கன நின்னு விக்கப்படாதுன்னு என் கூடையத் தட்டிவிட்டான். மீனெல்லாம் ரோட்டுல. தெருவே பாத்துட்டு நின்னுச்சு. இந்தப் புள்ள வந்து, பள்ளிக்கூடத்துல படிக்க வயசு, போலீசுகிட்ட நீங்களே பொறுக்குங்கன்னுச்சு. அவன் பொறுக்கல. ஆனா அது விடவே இல்ல, அவன் போற வரைக்கும் சத்தம். அப்புறம் உக்காந்து எங்கூடப் பொறுக்குச்சு. அது காட்டுல என்ன செஞ்சுதோ, எனக்குத் தெரியாது. இது எனக்குத் தெரியும். டிவியில இதச் சொன்னேன். போடல."

"ஏன் போடவில்லை?"

"லவ் இல்லியே" என்றார் லூர்து. மச்சாதுவுக்கும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார். அந்த வீட்டில் மூன்று நாள் கழித்து அன்றைக்குத்தான் சமாதானம் வந்தது. அது என்னால் என்று எழுதிக்கொள்ள ஆசைதான், ஆனால் சாளையால்தான்.

திரும்பி வந்ததும் நேராக டீக்கடைக்குப் போனேன். பியூலா ஹெல்மெட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி அந்த டிவி நிருபருக்குப் போன் போட்டுத் திருத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை வாங்கினேன்.

"தப்புன்னு ஒத்துக்கிடுதோம் மேடம்" என்றார் நிருபர், ரொம்ப மரியாதையாக. "ஆனா சும்மா திருத்தம்னா ஆபீஸ்ல எடுக்க மாட்டாங்க. விஷுவல் வேணும்."

"உண்மையான ஹெப்சிபாவின் படம் இருக்கிறதே."

"அதுல சிறகுல்லா வச்சிருக்காங்க. தீவிரவாதிக்குச் செட் ஆகாது."

அப்போதுதான் பொன்னுத்துரை அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. நாடகத்தையே திரும்ப நடத்திக் காட்டினால் என்ன? அதே ராஜா, அதே சேவகன், அதே துப்பாக்கி. எது நாடகம், யார் யார் என்று உலகத்துக்கே விளங்கும். நிருபர் "சூப்பர் அண்ணாச்சி" என்றார். பியூலா தலையில் கை வைத்தாள். கை ஹெல்மெட்டில் பட்டு டொக்கென்றது.

மறுநாள் காலை தெருவே கூடிவிட்டது. சபையிலிருந்து கிரீடம் வந்தது. மரத்துப்பாக்கி, டீக்கடைத் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த கம்பு என்பது அப்போதுதான் தெரிந்தது. அதை உருவியதும் தார்ப்பாய் வடைச் சட்டிக்கு மேல் சரிந்தது. காக்கிச் சட்டை பியூலாவுக்குப் பொத்தான் எட்டவில்லை. ஊக்கு குத்திக்கொண்டாள். அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய வலப்பக்கம் காலியாக இருந்தது.

"தேவதூதன் இல்லாம ஃப்ரேம் நொண்டுது" என்றார் நிருபர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு வயது ஐம்பத்தாறு. முதுகுவலி உண்டு. மகளிர் பக்கத்தின் மானம் உண்டு. இதையெல்லாம் சொல்லச் சொல்லவே அண்ணாச்சியின் மனைவி என் முதுகில் தெர்மோகோல் சிறகைக் கட்டிவிட்டார். ஒளிவட்டம் என் கண்ணாடியில் வந்து வந்து இடித்தது.

காமிரா ஓட ஆரம்பித்தது. பியூலா ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தாள். "என் பேர் பியூலா. நான் டீச்சர். நீங்க தீவிரவாதின்னு காட்டுன முகம் இது. இது நாடகத் துப்பாக்கி. இதோ பாருங்க, டீக்கடைக் கம்பு" என்றாள். தெருவே கைதட்டியது.

"உங்க அக்காவ லவ் பண்ணி ஏமாத்துனது யாரு மேடம்?" என்று நிருபர் மைக்கை நீட்டினார்.

பியூலாவின் தாடை மேலே ஏறியது. டிவியில் மேளம் அடிக்கிற அதே தாடை. "யாரும் ஏமாத்தல. எங்கக்கா தப்பு செஞ்சிருக்கா. அதுக்குக் கோர்ட் இருக்கு, தண்டன இருக்கு, அவ அனுபவிக்கட்டும். ஆனா அவ தானா யோசிச்சுச் செஞ்ச தப்பு அது. அவளுக்கு மூளையே இல்லன்னு சொல்லி அதையும் ஏன் புடுங்குதீங்க? கூடப் புடிபட்ட நாலு பேர்ட்ட யாரு உங்கள லவ் பண்ணி ஏமாத்துனான்னு கேட்டீங்களா?"

யாரும் கைதட்டவில்லை. என் ஒளிவட்டம் ஆடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நிருபர் மைக்கை இன்னும் கிட்டே கொண்டுவந்து, "முடி நல்லா நீளமா இருக்குமா?" என்றார். அண்ணாச்சி சிம்மாசனத்திலிருந்து எழுந்து, "ஏலே, படத்த எடுத்தாச்சுல்ல, கிளம்பு" என்றார். ஏரோது ராஜா செய்த ஒரே நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் டீக்கடையில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். திருத்தம் வந்தது. முதலில் காட்டிய படத்தில் இருப்பவர் ஆசிரியை பியூலா, அவருக்கும் வழக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று தெளிவாகவே படித்தார்கள். பியூலாவின் போன் உடனே அடித்தது. மேனேஜர். திங்கட்கிழமை வரச் சொன்னார். பியூலா "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்லிக்கொண்டே அண்ணாச்சி மனைவியின் தோளில் முகத்தை வைத்து அழுதுவிட்டாள்.

அதற்குப் பிறகும் டிவி நிற்கவில்லை. உண்மையான ஹெப்சிபாவின் சிறகுப் படத்தைப் போட்டு, 'தேவதை தீவிரவாதி ஆனது எப்படி? காதல் காரணமா?' என்றார்கள். பியூலா பேசியதில் டீக்கடைக் கம்பு வரைக்கும்தான் வந்தது, மீதியைக் காணோம். அண்ணாச்சி ஒருவழியாக முழு உருவமாக டிவியில் வந்தார், கிரீடத்தோடு. கீழே 'தீவிரவாதியின் சித்தப்பா' என்று போட்டிருந்தார்கள். அவர் மனைவி சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. கடைசியாக என் முகம் வந்தது. சிறகு, ஒளிவட்டம், வாய் பாதி திறந்தபடி. என்னைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். 'வெளிநாட்டுத் தொடர்பா?'

"முடியப் பத்தி ஒண்ணும் சொல்லலியே" என்று பியூலா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

நான் சனிக்கிழமையே கிளம்புவதாக இருந்தது. வெளிநாட்டுத் தொடர்பு பயந்து ஓடிவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று திங்கள்வரை தங்கினேன். விடுதியில் உட்கார்ந்து கட்டுரையை எழுதி அனுப்பினேன். சாளை, போலீஸ், சபை கமிட்டி, எரிந்த பஸ், செத்த டிரைவர், வலப்பக்கம் இடப்பக்கம் எல்லாம் இருந்தது. மகளிர் பக்கத்தில் போடாதீர்கள், அந்த நாலு பேருக்குப் பக்கத்தில் போடுங்கள் என்று மேலே எழுதினேன்.

விமான நிலையத்தில் ஆசிரியரின் குரல்பதிவு வந்தது. "கட்டுரை நல்லா இருக்கு, அக்கா. அரசியல் பக்கத்தில் இடம் பார்க்கிறேன். ஒன்று மட்டும் விளங்கவில்லை. காதலன் யார்?"

நான் பதில் அனுப்புவதற்குள் பியூலா கூப்பிட்டாள். பின்னால் பள்ளிக்கூட இரைச்சல் கேட்டது.

"எப்படி இருந்தது?" என்றேன்.

"பயந்துட்டேதான் போனேன். போர்டுல சர்க்யூட் வரஞ்சேன். அப்போ கடைசி பெஞ்சுல ஒருத்தி எந்திரிச்சா. நான் காதல்னு கேக்கப் போறான்னு நெனச்சு சாக்பீஸ இறுக்கிப் புடிச்சேன்." பியூலா குரலைத் தாழ்த்தினாள். "'உங்கக்கா எதுக்கு மிஸ் போனாங்க?'ன்னு கேட்டா. யாரும் சொல்லிக் குடுக்கல. அவளாவே கேட்டா."

"நீ என்ன சொன்னாய்?"

"பெல்லடிக்க வரைக்கும் சொன்னேன். மீன்கூடையில ஆரம்பிச்சு டிரைவர் வரைக்கும், ஒண்ணும் மறைக்கல. ஒரு புள்ள அசையல. மின்னோட்டத்த நாளைக்கு நடத்திக்கிடலாம், என்னக்கா?"

அழைப்பு முடிந்ததும் ஆசிரியருக்கென்று வாங்கிய அல்வாப் பொட்டலத்தைப் பிரித்தேன். முழுவதையும் அங்கேயே உட்கார்ந்து தின்று தீர்த்தேன்.